நங்கூரம் போட்ட வெள்ளிப் படகு

வெள்ளி விலை ஏறத் தொடங்கியதிலிருந்து என்னுடைய மதிப்பும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால் யாராவது ஒருவர் கைப்பையைத் திறந்து ஒரு கரண்டியையோ பன்னீர்ச் செம்பையோ எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். "தாசன் அண்ணை, இதை உருக்கக் குடுக்கலாமோ, வைச்சிருக்கிறதோ?" என் மனைவிக்கு இதில் கொஞ்சம் பெருமை, நிறைய எரிச்சல். வீட்டில் ஒரு வெள்ளிக் கரண்டிகூட இல்லாத மனுசனிடம்தான் ஊரெல்லாம் வெள்ளிக்கு யோசனை கேட்கிறது என்று காரில் ஏறினதும் சொல்லுவாள். அஜக்ஸில் எங்கள் வீடு வந்து சேரும்வரைக்கும் அதையே சொல்லுவாள்.

போன மாதம் நித்யா போன் எடுத்தாள். நான் வேலை பார்த்த ஏலக் கூடத்தில், வெள்ளிப் பகுதியில், இப்போது என் கதிரையில் இருப்பவள் அவள். இங்கே ரொறொன்ரோவில் பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. இப்போதெல்லாம் பாதிப் பொருட்களைப் படத்தில் பார்த்தே விபரம் எழுதுகிறார்களாம். பொருள் கைக்கு வருமுன்னமே அதைப்பற்றி எழுதி முடிந்துவிடுகிறதாம். "அங்கிள், நீங்கள் கண்டதிலயே பெஸ்ட் பீஸ் எது? ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ" என்றாள். யோசிக்கவே தேவைப்படவில்லை, படகு என்றேன். என்ன படகு என்று கேட்டாள். அது போனில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதித் தாறன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாக்குக்கு இதோ எழுதுகிறேன்.

நான் வெள்ளியைத் தேடிப் போனவனல்ல. எங்கள் கடற்கரை ஊரான குருநகரிலிருந்து ரொறொன்ரோ வந்து, எல்லாரையும்போல ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அந்த ஏலக் கூடத்தில் அலுமாரி தூக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடத்தில் முதுகு 'போதும் தம்பி' என்று சொல்லிவிட்டது. பாரம் குறைந்த இடமாகப் பார்த்து மேலாளர் என்னை வெள்ளி அறைக்கு அனுப்பினார். அங்கே பொறுப்பாக இருந்தவர் மார்கரெட்.

அவரை நான் முதலில் 'மேடம்' என்று கூப்பிட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார். வாயால் மார்கரெட் என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். மனதுக்குள் கடைசிவரைக்கும் அம்மையார்தான். ஒல்லியான, உயரமான பெண். கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போடுவார். மூக்குக்கண்ணாடி ஒரு சங்கிலியில் கழுத்தில் தொங்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மேசையை ஒருமுறை துடைப்பார். இரண்டாம் முறை துடைத்தால் நாங்கள் மெல்ல வெளியே போய்விடுவோம்.

ஒரு பொருள் வந்தால் அவர் அதை உடனே தொடமாட்டார். வடக்கு யன்னலோரம் இருக்கும் மேசையில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு சுற்றிச்சுற்றி வருவார். பிறகு தூக்கி, பாரத்தைக் கை பார்க்கட்டும் என்பார். அதற்குப் பிறகுதான் பூதக்கண்ணாடி: எங்கே முத்திரை, யார் செய்தது, எந்த ஊர். எல்லாம் முடிந்தபின், குளிர்காலத்தில் கையைச் சூடாக்க ஊதுவோமே, அப்படி வாயைத் திறந்து வெள்ளியின்மேல் மெல்ல மூச்சு விடுவார். வெள்ளி வெண்மையாய் மங்கும். அந்த மங்கல் போகிற கணத்தில், பின்னால் ஒட்டவைத்த இடமென்றால் அந்த ஒட்டுக் கோடு வேறாகத் தெரியும். அழித்த எழுத்தும் நிழலாய் எழும்பும். எத்தனை மெருகு போட்டாலும் வெள்ளி பழசை மறக்காது என்பார்.

கடைசியாக இன்னொரு சோதனை உண்டு. பொருள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அது செய்தாக வேண்டும். தேநீர்ப் பாத்திரமென்றால் தண்ணீர் விட்டு ஊற்றிப் பார்ப்பார். மூக்கால் சொட்டினால், "அழகான பாத்திரம், கெட்ட பழக்கம்" என்று சொல்லிச் சிரிப்பார். மெழுகுதிரி அணைக்கிற குமிழென்றால் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். எங்கள் அறையில் இதற்காகவே ஒரு பெட்டி நிறைய மெழுகுதிரி கிடந்தது. மாதா கோயிலில் கூட அவ்வளவு இருக்காது.

ஒருமுறை ஒரு பெரிய வீட்டு அம்மா சீனிப் பாத்திரம் ஒன்று கொண்டுவந்தார். தனக்குக் கல்யாணத்தில் கணவர் பரிசாகக் கொடுத்தது, புதிதாகவே செய்வித்தது என்றார். மார்கரெட் மூச்சு விட்டார். அருகில் நின்ற எனக்கும் தெரிந்தது: அந்த அம்மாவின் பெயருக்குக் கீழே வேறொரு பெண்ணின் பெயர், அழித்தபடி. மார்கரெட் மங்கல் முழுவதும் போகும்வரை பொறுத்திருந்து, பாத்திரத்தைத் துணியில் சுற்றி, "இதை விற்காதீர்கள், வீட்டில் வைத்திருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா போனபிறகு நான் வாயைத் திறக்க, அவர் மேசையை ஒருமுறை துடைத்தார். கண்டதை எல்லாம் சொல்லுவதற்கு எங்களுக்குச் சம்பளமில்லை என்று அன்றைக்கு விளங்கிக்கொண்டேன்.

இனிப் படகுக்கு வருகிறேன்.

அதைக் கொண்டுவந்தவர் கிரெக் என்ற ஒரு மனிதர். வன்கூவரிலிருந்து வந்திருந்தார். அவருடைய பெரியப்பா மிஸ்டர் வில்லர்டை உருளும் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பிலோமினா வந்தாள். அவள் மன்னார் பேசாலைப் பிள்ளை. அந்த வீட்டிலேயே தங்கி நின்று கிழவரைப் பார்க்கிறவள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து "அண்ணை தமிழோ?" என்றாள். ஓம் என்றதும் அவளுக்குப் பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

துணியை விரித்ததும் நான் மேசையை விட்டு ஒரு அடி பின்னுக்குப் போய்விட்டேன். முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளிப் படகு. பக்கப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒவ்வொன்றிலும் ஆணித்தலைகள் கடுகளவில். துடுப்புகள் உள்ளே படுத்திருந்தன. பின்பக்கத்தில் ஒரு உல்லாசக் கப்பலின் பெயர் வெட்டியிருந்தது. படகுக்குள் மனிதர் இருக்கும் இடத்தில் இரண்டு வட்டக் குழிகள். மதுப் போத்தல்கள் இரண்டு அதில் உட்காரும். அடியில், வெளியே தெரியாதபடி, நான்கு சக்கரம். முன்னுக்கு, நங்கூரச் சங்கிலியைச் சுற்றும் ஒரு சின்ன உருளை. சங்கிலியின் நுனியில் என் சுண்டுவிரல் நகமளவு நங்கூரம். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். எத்தனையோ தோணி கட்டக் கண்டிருக்கிறேன். இதைச் செய்தவன் கட்டாயம் ஒரு படகுத்துறையில் நாட்கணக்கில் நின்று பார்த்தவன்தான் என்று உடனே தெரிந்தது. அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மிஸ்டர் வில்லர்டின் பாட்டனாருக்கு ஏரியில் ஓடவிடும் நீராவி உல்லாசக் கப்பல் ஒன்று இருந்ததாம். பணம் மிஞ்சினால் மனிதருக்கு விளையாட்டுப் புத்தி வரும்தானே. கப்பலில் சாப்பிட்டு முடிந்தபின் மதுப் போத்தல் மேசையைச் சுற்றி வரவேண்டும். கையால் எடுத்துக் கொடுத்தால் அதில் என்ன சோக்கு? படகு செய்வித்தார். கப்பல் ஆடினால் சக்கரம் வைத்த படகு மேசையால் ஓடி மடியில் விழுமே! அதற்காகத்தான் நங்கூரம். உருளையைத் திருப்பி நங்கூரத்தை இறக்கினால் படகு நிற்கும். தூக்கினால் ஓடும்.

இதையெல்லாம் சொன்னவர் கிழவர். முன்பு அவருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்று, பிறகு திரும்பி வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி மெதுவாய் வரும். கப்பலை விற்றபிறகும் படகு வீட்டு மேசையில் ஓடியதாம். சின்ன வயதில் அவர் முன்னால் படகு வந்ததும் நங்கூரத்தை இறக்கி மறிப்பது அவருடைய வேலையாம். எப்போதும் இடப்பக்கமாகத்தான் போகும், வலப்பக்கம் தள்ளினவனைப் பாட்டனார் மேசையை விட்டு எழுப்பிவிடுவார் என்று சொல்லி, ஒருபக்க வாயால் சிரித்தார்.

கிரெக் மார்கரெட்டைத் தனியே கூப்பிட்டார். நான் துணி மடிக்கிற சாட்டில் அங்கேயே நின்றேன். இந்தப் படகு ஓடாது என்றார். ஏற்கெனவே ஒரு வியாபாரியிடம் காட்டியதாகவும், உருளையும் நங்கூரமும் பின்னால் யாரோ அழகுக்கு ஒட்டியவை, சக்கரம் ஒருநாளும் சுழன்றிருக்காது என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். அலுமாரிக்குள் இருந்த பொருளைப்பற்றிப் பெரியப்பா கதை கட்டுகிறாராம். இப்படி இன்னும் பல கதைகளாம். அடுத்த வாரம் வைத்தியர் வந்து அவருடைய நினைவைச் சோதிக்கப்போகிறார், பிறகு பிக்கரிங்கில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டு வீட்டை மூடவேண்டும் என்றார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். களைத்துப்போன மனிதர்.

கிழவருக்கு அந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. பிலோமினா என் காதுக்குள் அதைத்தான் சொன்னாள். "உந்தப் படகு ஓடாதெண்டதை வைச்சுத்தான் அண்ணை, அவருக்கு மூளை பிசகிப்போச்செண்டு சொல்லீனம்." அவள் கூட ஓடக் கண்டதில்லையாம். அவள் வேலைக்கு வருமுன்னமே வைத்தியர் மதுவை நிறுத்திவிட்டார். படகு நங்கூரத்தை இறக்கினபடி கண்ணாடி அலுமாரிக்குள்ளேயே நின்றிருக்கிறது. மெருகு போடுவது மட்டும் அவள்.

எங்கள் ஏலப் பட்டியலில் எழுதுகிற முறையை இங்கே சொல்லவேண்டும். நாங்கள் கண்டதை நேராக எழுதுவோம். காணாததை, 'உரிமையாளர் சொல்வதன்படி' என்று தொடங்கி எழுதுவோம். தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்: நாங்கள் நம்பவில்லை, மரியாதைக்குப் போட்டிருக்கிறோம். மார்கரெட் அன்று பின்னேரம் எழுதிய குறிப்பில் 'உரிமையாளர் சொல்வதன்படி இப்படகு மேசையில் ஓடி, நங்கூரத்தால் நிற்கக்கூடியது' என்று இருந்தது. எழுதிவிட்டுப் பேனையை வைக்காமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் உருளையின் அடியில் மூச்சு விட்டார். மங்கல் வந்தது, போனது. மறுபடியும் விட்டார். என்னையும் பார்க்கச் சொன்னார். சுற்றிவர ஒட்டுக் கோடு எங்குமில்லை. உருளையும் படகும் ஒரே நாளில் ஒரே கையில் பிறந்தவை. அப்படியென்றால் அது திரும்பத்தான் வேண்டும். மெல்லத் திருப்பிப் பார்த்தார், அசையவில்லை. நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருப்பேன். அவர் உடனே கையை எடுத்துவிட்டார். மாட்டேன் என்கிற பொருளை வற்புறுத்தக் கூடாது, ஏன் என்று கேட்கவேண்டும் என்றார்.

போத்தல் வைக்கும் குழியின் அடியில் பச்சைத் துணி ஒட்டிய மரத்தட்டு ஒன்று இருந்தது. நான் படகைப் பிடிக்க, அவர் அதைக் கிளப்பி உள்ளே ஒளி பிடித்தார். முன் அச்சில் ஒரு பற்சக்கரம். உருளையிலிருந்து இறங்கும் ஒரு நாக்கு அந்தப் பல்லுக்குள் விழுந்திருந்தது. நங்கூரம் இறங்கினால் நாக்கும் இறங்கும், சக்கரம் பூட்டும். அவ்வளவு எளிது, அவ்வளவு அழகு. அந்த நாக்கு மேலே எழும்ப முடியாதபடி, தட்டோரத்து இடைவெளியால் வழுக்கி விழுந்து இடுக்கில் சிக்கி, ஒரு நீலத் துணி முடிச்சு கிடந்தது.

முடிச்சைப் பார்த்தாலே தெரியும், உள்ளே காசு. எங்கள் ஆட்களுக்கு வருத்தம், துன்பம் என்றால் மாதாவுக்கு நேர்ந்து காசு முடிந்து வைப்பது வழக்கம். காரியம் கைகூடினதும் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவது. கடலுக்குப் போனவர் திரும்பி வரவேண்டும் என்று வெள்ளியில் சின்னத் தோணி செய்து வைப்பவர்களும் உண்டு. பேசாலைப் பிள்ளை ஒருத்தி கண்ணாடி அலுமாரிக்குள் வெள்ளிப் படகைக் கண்டால் வேறெங்கே நேர்த்திக் காசை வைப்பாள்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சைவக்காரர் சொல்லுவார்கள். அது மாதா கோயில்காரருக்கும் நடக்கும்போல.

மார்கரெட் சின்ன இடுக்கியை எடுத்தார். நான் பொறுங்கோ என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினேன்: இது ஒருவர் மன்றாடி முடிச்சுப் போட்டது. போட்டவர்தான் எடுக்கவேண்டும், அவிழ்க்கவேண்டும், என் தாயார் அப்படித்தான் சொல்லுவார். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நிமிட வேலை, இழுத்தால் வந்துவிடும். சிரிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். மரத்தட்டை இருந்தபடியே திருப்பி வைத்தார். "அப்படியென்றால் போட்டவருக்காகக் காத்திருப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மையாருக்கு நான் ஆயுள்முழுக்கக் கடன்பட்டவன்.

அந்த வாரமே, வைத்தியர் வரும் நாளுக்கு முன்பாக, மூவரையும் வரச்சொன்னார். கிரெக்கையும் கிழவரையும் முன்னறையில் இருத்தித் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிலோமினாவை மட்டும் வெள்ளி அறைக்குக் கூட்டிவந்தேன். தட்டைக் கிளப்பிக் காட்டினதும் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அண்ணை, இதைத் தேடாத இடமில்லை. அவருக்கு வாய் திரும்பி வரவேணுமெண்டு மடுமாதாவுக்கு நேர்ந்து முடிஞ்சு, உந்தப் படகுக்குள்ள வைச்சது. வாய் வந்த பிறகு பாத்தன், காணேல்லை. ஆரோ கூட்டி எறிஞ்சிட்டினமெண்டு நினைச்சன்" என்றாள். பிறகுதான் அவளுக்கு முழுதும் விளங்கியது. முகம் வெளிறிப்போய், "அப்ப நான்தானோ அவரைப் பொய்க்காரன் ஆக்கினது?" என்று கேட்டாள்.

அவருக்குப் பேச்சு வரவேண்டும் என்று கேட்டவள் அவள். பேச்சு வந்தது. அந்தப் பேச்சை யாரும் நம்பாமல் செய்ததும் அதே காசு. மார்கரெட் இடுக்கியை அவளுடைய கையில் கொடுத்து, ஒளியைச் சரியான இடத்தில் பிடித்தார். பிலோமினா நூல்கூட அறாமல் முடிச்சை வெளியே எடுத்தாள். அவிழ்த்துப் பார்த்தாள்: பாய்க்கப்பல் படம் போட்ட பத்துச் சதக் குத்திக் காசு. கையில் பொத்திக்கொண்டாள். கிரெக் அறிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தாள். மார்கரெட்டுக்கு அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு பெரிய வட்ட மேசையை வெறுமையாக்கி எல்லாரையும் இருக்கச் சொன்னார். பிலோமினா நாற்காலிக்குப் பின்னால் நிற்கப் பார்த்தாள், அவளையும் இருத்தினார். கிழவரின் இடப்பக்கம் மார்கரெட், பிறகு நான், பிறகு கிரெக், பிறகு பிலோமினா. மது இல்லை. இரண்டு போத்தலில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். எந்த வேலைக்குச் செய்தார்களோ அந்த வேலையைப் படகு செய்தாக வேண்டுமே.

படகைக் கிழவரின் முன்னால் வைத்தார். கிழவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். நல்ல கையால் உருளையைத் திருப்பினார். சங்கிலி ஒவ்வொரு கண்ணியாய் ஏறியது, நங்கூரம் படகின் பக்கத்தில் வந்து குந்தியது. ஒரு விரலால் தள்ளினார். படகு சத்தமே இல்லாமல் மார்கரெட்டிடம் போனது. மார்கரெட் என்னிடம் விட்டார். பாரமான போத்தல்கள் இரண்டு இருந்தும் அது மிதந்துதான் வந்தது. என் வாழ்க்கையில் நான் தொட்ட பொருளிலெல்லாம் சிறந்தது என் கையின் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று அந்த நேரத்திலேயே எனக்குத் தெரியும். கிரெக்கிடம் தள்ளிவிட்டேன்.

கிரெக் அதை இரண்டு கையாலும் பிடித்து மறித்தார். இவ்வளவு நாளும் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். மார்கரெட் பொய் சொல்லத் தெரியாதவர். உள்ளே ஒன்று விழுந்து கிடந்தது, எடுத்துவிட்டோம் என்றார். யார் போட்டது என்று கேட்டார் கிரெக். "உங்கள் பெரியப்பாவில் அக்கறையுள்ள ஒருவர்" என்று சொல்லிவிட்டு, பட்டியல் குறிப்பை அவர் முன்னாலேயே எடுத்து, 'உரிமையாளர் சொல்வதன்படி' என்பதை ஒரே கோட்டில் வெட்டினார். மிச்சத்தை அவரிடமே வாசிக்கக் கொடுத்தார். கிரெக் சத்தமாக வாசித்தார்: 'இப்படகு மேசையில் ஓடி, நங்கூரத்தால் நிற்கக்கூடியது.' வாசித்து முடித்து, பெரியப்பாவை நிமிர்ந்து பார்க்க முடியாமல் படகைப் பிடித்து, வந்த வழியே என் பக்கம் தள்ளினார்.

"இடப்பக்கம்" என்றார் கிழவர்.

அந்தச் சொல் தூரத்திலிருந்து நடந்து வரவில்லை. மேசைத் தலைமாட்டில் இருக்கிற வீட்டுக்காரரின் குரலில், அந்தக் கணமே வந்தது. கிரெக்கின் காது சிவந்தது. படகை நிறுத்தி, திருப்பி, பிலோமினாவின் பக்கம் மெல்ல விட்டார். பிலோமினா ஒரு கையில் காசைப் பொத்தினபடி மற்றக் கையால் அதைக் கிழவரிடம் தள்ளினாள். கிழவர் உருளையைத் திருப்பினார். நங்கூரம் இறங்கியது. படகு அவருக்கு நேர் முன்னால் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து, இதை ஏலத்துக்கு விடவேண்டாம், கொண்டுபோகிறேன் என்று கிரெக் சொன்னார். அந்த ஏலப் பருவத்தின் சிறந்த பொருளை இழந்துகொண்டிருந்த மார்கரெட், முகத்தில் ஒரு கவலையும் இல்லாமல், எங்கே அனுப்பவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"அவருடைய வீட்டுக்கு. அவர் அங்கேதான் இருக்கப்போகிறார்" என்றார் கிரெக்.

நான் பிலோமினாவுக்குக் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டும்போது பொத்தின கையைத் திறந்து காட்டினாள்.

"நேர்ந்தது இண்டைக்குத்தான் அண்ணை முழுசாக் கிடைச்சது" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை கோயிலில கொண்டுபோய்ச் செலுத்துறன்."